ஒலி நிறுத்திய பாட்டு

மனம்விட்டு அழ அறுபது ரூபாய். பால்கனியில் அழ எண்பது. ஓடாமல் போன ஒரு பாட்டுப் படத்துக்கு ஞாயிறுதோறும் அதே கூட்டம் வந்து, கூடவே பாடி, கல்யாணக் காட்சியில் அரிசி தூவிவிட்டுப் போவது தியேட்டர் முதலாளி ரத்தினசபாபதிக்கு உறுத்தியது. “சும்மா வர்ற கூட்டமில்ல இது. எவனோ தியேட்டரை அமுக்கப் பாக்குறான்” என்று சொல்லி, நோட்டம் பார்க்க, ஆபரேட்டரிடம் சொல்லிப் பாட்டின் நடுவில் ஒலியை நிறுத்த வைத்தார். பாட்டு நிற்கவில்லை, படத்தின் ஒவ்வொரு பாத்திரத்துக்கும் ஒரு நாற்காலியிலிருந்து குரல் வந்தது. படத்தில் வரும் வட்டிக்கடைக்காரன் மனம் மாறி, ‘கடை இனி ஊருக்கே’ என்று பாட வேண்டிய இடத்தில் மட்டும் அரங்கம் கப்சிப். எல்லோரும் கதவோரம் நின்ற அவரைத் திரும்பிப் பார்த்தார்கள்.

“பாடுங்க மொதலாளி” என்றாள் முன்வரிசைப் பெண். “உங்களுக்குன்னுதான் விட்டு வெச்சிருக்கோம்.”

மற்ற வேடமெல்லாம் பைசல். அவருடையது மட்டும் பாக்கி.