ஒரு ஆளுக்கு எத்தனை பேனல்

சோலார்காரர் மொட்டைமாடியின் நடுவில் நின்று ஆகாயத்தைப் பார்த்தார். நானும் பார்த்தேன். வெயில் நிறைய இருந்தது. அதில் எங்களுக்குள் கருத்து வேறுபாடு இல்லை.

என் மகள் ஆகாயத்தைப் பார்க்கவில்லை. கைப்பேசியில் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தாள்.

வங்கியில் கடன் பிரிவில் இருக்கிறாள். யார் என்ன கனவோடு வந்தாலும் மூன்று கேள்வியில் உட்காரவைத்துவிடுவாள். அவளைக் கேட்காமல் இந்த வீட்டில் ஒரு வாளிகூட வாங்கக் கூடாது என்பது, அவள் அம்மா போன பிறகு வந்த சட்டம்.

"ஒத்தை ஆளுக்கு எதுக்குப்பா பேனல்? ஒரு ஃபேன், ஒரு லைட்டு, ஒரு டிவி. அதுலயும் டிவியைப் போட்ட உடனே தூங்கிடுறீங்க."

கணக்கில் குற்றமில்லை. குற்றம் ஆளின் எண்ணிக்கையில் இருந்தது.

அதைச் சொல்லத்தான் அவளை மாடிக்குக் கூட்டி வந்திருந்தேன்.

விஷயம் இதுதான். இனிப்பைத் தொடாதே என்று காலமெல்லாம் ஊரை மிரட்டிய பல் டாக்டர் நான். கிளினிக்கை மூடுகிற சமயத்தில், கேக் செய்து விற்கும் ஒருவர் கடைவாய்ப்பல் வலி என்று வந்தார். பல்லைக் காப்பாற்றிவிட்டேன். என்னைக் காப்பாற்றத்தான் ஆளில்லை.

தெருவே அவரைக் கேக்கம்மா என்று கூப்பிடும். நான் எப்படிக் கூப்பிடுவது என்பது இன்னும் முடிவாகவில்லை. கல்யாணம் கிட்டத்தட்ட முடிவாகிவிட்டது.

கீழே என் பழைய கிளினிக் அறை சும்மா கிடக்கிறது. அவருடைய ஓவன் அங்கே வந்தால் மின்சாரத்தை மடமடவென்று குடிக்கும். அப்போது பேனல் கட்டுப்படியாகும். வராவிட்டால் நஷ்டம். ஓவன் வருவதும் வராததும் என் மகள் கையில். அவள் லேசாக முகம் சுளித்தாலும் இந்தப் பேச்சை இத்தோடு விட்டுவிடுவோம் என்று கேக்கம்மா தீர்த்துச் சொல்லியிருந்தார்.

காலையில் குளியலறைக் கண்ணாடி முன்னால் ஒத்திகை பார்த்தேன். கண்ணாடி உடனே சம்மதித்தது.

இங்கே மாடியில் சுற்றி வளைத்துத்தான் ஆரம்பிக்க முடிந்தது. ஒரு பேச்சுக்கு, ஒரு ஓவன் ஓடினால் எத்தனை பேனல் வேண்டும் என்று சோலார்காரரைக் கேட்டேன். ஓவன் எவ்வளவு பெரிது என்றார். பீரோ அளவு என்றேன்.

மகள் நிமிர்ந்தாள். பால் காய்ச்சினாலே பொங்கவிட்டு அடுப்பை அணைக்கிற ஆளுக்கு பீரோ அளவில் ஓவன் எதற்காம் என்று, என்னை விட்டுவிட்டு அவரிடம் விசாரித்தாள்.

பல் செட் காயவைக்க என்றேன்.

இவ்வளவு மட்டமான பொய்யை நான் நோயாளிகளிடம்கூடச் சொன்னதில்லை. வலிக்காது என்று சொன்னதைத் தவிர.

சோலார்காரர் நாகரிகமானவர். பல் செட்டைப் பற்றி மேற்கொண்டு கேட்காமல், தண்ணீர்த் தொட்டியின் நிழல் எதுவரை விழுகிறது என்று பார்க்கப் போய்விட்டார். மகள் பின்னாலேயே போனாள். பேனலில் படியும் தூசியை யார் துடைப்பது, அப்பாவுக்கு முட்டி வலி என்றாள். நான் நின்ற இடத்திலேயே இரண்டு குதி குதித்துக் காட்டினேன். இருவரும் பார்த்தார்கள். ஒருவரும் கைதட்டவில்லை.

அவள் தொடர்ந்தாள். வீட்டில் ஒரு ஆள். ஒரே ஒரு ஆள். மொத்தமே ஒரு ஆள்தான். அந்த ஒன்றை அவள் அழுத்திய அழுத்தத்தில் தொட்டி விரிசல் விடாமல் இருந்ததே பெரிது.

நான் கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டு சிரிப்பை அடக்கிக்கொண்டிருந்தேன். அடிவயிற்றில் பயம்தான். அது மேலே வருகிற வழியில் எங்கேயோ சிரிப்பாக மாறிவிடுகிறது. பரீட்சை முடிவு பார்க்கப் போன வயதில் கடைசியாக இப்படி இருந்தது. அன்றைக்காவது தலையில் முடி இருந்தது.

சோலார்காரர் திரும்பி வந்தார். விற்க வந்த மனிதர் விற்காமல் போவது என்ற முடிவோடு வந்தார்.

"மனசுல பட்டதைச் சொல்லிடுறேன் சார். ஒரு ஆள்னா இது வேஸ்ட்டு. போட்ட காசு திரும்புறதுக்குள்ள பேனலே பழசாயிடும்."

இப்போது சொன்னால்தான் உண்டு.

வாயைத் திறந்தேன். எத்தனையோ ஆயிரம் பேரை ஆ காட்டச் சொன்னவன். என் வாய் திறந்தபடியே நின்றது.

சோலார்காரர் டேப்பைச் சுருட்டினார். படி ஓரமாகக் கழற்றிவிட்ட செருப்பைக் காலால் தேடினார்.

மகள் கைப்பேசியைப் பைக்குள் போட்டாள். என்னைப் பார்க்கவில்லை.

"இருங்கண்ணே. ரெண்டு ஆளுன்னு போட்டுக்குங்க. ஓவனும் ஒண்ணில்ல, ரெண்டு. ஒண்ணை வெச்சுக்கிட்டு ஆர்டரை முடிக்க முடியலைன்னு சித்தி சொன்னாங்க."

என் மனைவி அவர்கள் வீட்டுக்கு ஒரே பெண். எனக்கும் தம்பி கிடையாது. சித்தி என்று கூப்பிட என் மகளுக்கு இதுவரை உலகத்தில் ஒருவரும் இருந்ததில்லை.

இரண்டாவது ஓவனைப் பற்றி என்னிடம் யாரும் சொல்லவே இல்லை.

சோலார்காரருக்கு இதெல்லாம் ஒன்றும் தெரியாது. அப்படியானால் தொட்டிக்கு அந்தப் பக்கமும் அளக்க வேண்டும் என்று உற்சாகமாக டேப்பை விரித்து, ஒரு முனையை என்னிடம் நீட்டினார்.

ஆடாமல் பிடிக்கச் சொன்னார்.

அது மட்டும் என்னால் ஆகவில்லை.