சருகுமான் இடிபட்ட கதை

சருகு அசைந்தாலே ஓடிப்போகிற ஒரு சருகுமான் இருந்தது. ஆனால் தவளைகளின் கச்சேரி என்றால் அதற்கு உயிர். அன்று பாறைமேல் தவளைகள் தொண்டை கிழியக் கத்த, மரங்கொத்தி ஒரு காய்ந்த மரத்தை வெளுத்து வாங்கிக்கொண்டிருந்தது. கீழே காட்டுப்பன்றிகளும் காட்டெருமைகளும் ஒன்றையொன்று முட்டிமோதி ஆடின.

புதருக்குள் நின்ற சருகுமானுக்குக் கால் சும்மா இருக்கவில்லை. மூச்சு வாங்க ஓரமாக வந்த ஒரு பன்றியிடம் மெல்லக் கேட்டது.

“அண்ணே, இங்க என்ன சண்டை?”

“சண்டையா? சந்தோஷம்மா!” என்று சொல்லிவிட்டுப் பன்றி மறுபடியும் கூட்டத்துக்குள் பாய்ந்தது.

சருகுமானும் கண்ணை மூடிக்கொண்டு பாய்ந்தது. இரண்டு குதி குதித்திருக்கும். எங்கிருந்தோ வந்த ஒரு தோள் இடித்ததில் பந்துபோலப் பறந்து சேற்றில் விழுந்தது. கண்ணைத் திறந்தால் தலைக்கு மேலே குளம்புகள். செத்தோம் என்று நினைத்தது.

“ஆள் விழுந்திருக்கு! நில்லுங்க!” என்று பன்றி அலறியது.

அத்தனை குளம்புகளும் அப்படியே நின்றன. எருமைகள் சுற்றிலும் அரணாக நிற்க, பன்றி மூக்கால் அதைத் தூக்கி நிறுத்தியது. மரங்கொத்திகூடத் தட்டுவதை விட்டுவிட்டு எட்டிப் பார்த்தது.

“அடி பட்டுச்சா தாயி? வெளியே கொண்டுபோய் விடட்டுமா?” என்று பன்றி கேட்டது.

சருகுமான் கால்களை ஒவ்வொன்றாக உதறிப் பார்த்தது. நான்கும் நன்றாகவே இருந்தன.

“என்னை இடிச்சது யாரு?”

கூட்டத்திலேயே பெரிய காட்டெருமை தலை குனிந்துகொண்டு முன்னால் வந்தது. “நான்தாம்மா. தெரியாம...”

“பரவாயில்ல,” என்று சருகுமான் நெற்றியைத் தாழ்த்தியது. “இப்ப நான் வர்றேன். கெட்டியா நில்லுங்கண்ணே.”