மோசேயின் மாமனார்

“எத்திரோவா, ரெகுவேலா, ஓபாப்பா? இது முடிவாகாம இன்னைக்கு இந்த வூட்டுல யாருக்கும் சோறு கெடையாது” என்றார் மேஸ்திரி.

மேஸ்திரி சுவரோரம் ஸ்டூலில் இருந்தார். அவர் மனைவி பெரியம்மாள் அடுப்படி வாசலில் முறத்தோடு. மகள் அமிர்தம் அவளுக்குப் பின்னால். மருமகன் அர்ச்சுனன் பாயில் பாதி, தரையில் பாதி. சேத்தியாத்தோப்புப் பையன். ஸ்ரீமுஷ்ணம் கோயிலில் சொல்லாமல் கொள்ளாமல் அமிர்தத்துக்குத் தாலி கட்டி, மாமனார் கோபம் ஆறி, இந்த வீட்டோடு வந்து சேர்ந்து மூன்று மாதம்.

பீங்கான் சூளை முதலாளியிலிருந்து பால்காரர் வரை எல்லாருக்கும் அவர் மேஸ்திரிதான். நெற்றி நிறைய விபூதி. ஆனால் பரீட்சை என்று வந்தால் எதையும் விடமாட்டார். சென்னையிலிருந்து தபாலில் இலவசமாக வரும் வேதாகமப் பாடத்தில் ஆறு பாடம் தேறிவிட்டார். ஏழாவதில்தான் சிக்கல்.

“மோசே எழுதினதுலேயே அவரோட மாமனாருக்கு எடத்துக்கு ஒரு பேரு போட்டிருக்குது. பொண்ணு குடுத்தது ஒரு ஆளா, மூணு ஆளா? நீ ஒரு நல்ல காரணம் சொல்லு, நாளைக்கே சூளையில உனக்கு வேலை கேக்குறேன்.”

அர்ச்சுனன் நிமிர்ந்தான். வேலை கிடைத்தால் தனி வீடு. தனி வீட்டில் பாயில் முழுசாக உட்காரலாம்.

“மாமா, மோசே ஓடி வந்த எடத்துல பொண்ணு கட்டினவரு. மாமனாரை மாமான்னுதான் கூப்புட்டிருப்பாரு. பேரை யாருகிட்ட கேப்பாரு? மாமியாரு புருஷன் பேரைச் சொல்ல மாட்டாங்க. பொண்டாட்டிகிட்ட கேட்டா, இத்தினி நாளா இதுகூடத் தெரியாதான்னு சிரிப்பா. ஊருக்குள்ள விசாரிச்சா ஆளுக்கு ஒண்ணு சொல்லியிருப்பாங்க. எதுக்கு வம்புன்னு மூணையும் எழுதிட்டாரு.”

பெரியம்மாளின் முறம் நின்றது. “நேருல பாத்த மாதிரி சொல்லுது புள்ள.”

மேஸ்திரி தொடையைத் தட்டிச் சிரித்தார். “மாமனாரு பேரு தெரியாம ஒரு மருமவன். எங்கிட்ட மாட்டியிருந்தா, வேலை என்ன, வாசப்படியே மிதிச்சிருக்க முடியாது.”

அந்தக் காரணத்தையே எழுதிக் கையெழுத்துப் போட்டார். மடித்து, சென்னை விலாசம் அச்சடித்து வந்த உறையில் வைத்து, சோற்றுப் பருக்கையைத் தேய்த்து ஒட்டினார்.

“மேல அனுப்புநர் பேரு, விலாசம் மட்டும் உன் கையால எழுதிப் பொட்டியில போட்டுட்டு வா. காலையில என்கூட சூளைக்கு வந்துடு.”

தெருமுனையில் அர்ச்சுனன் தபால்பெட்டி மேல் உறையை வைத்து, ‘மாமா, சூளைத் தெரு, விருத்தாசலம்’ என்று முத்து முத்தாக எழுதி உள்ளே தள்ளினான்.

மோசேக்காவது மாமனாருக்கு மூன்று பெயர் கிடைத்தது. இந்த மூன்று மாதத்தில் அவனுக்கு ஒன்றுகூடக் கிடைக்கவில்லை.