முதல் நாற்காலி

மைசூர்பாகுத் துண்டோடு கை உயர்ந்ததும் சிங்காரம் வாயைத் திறந்துவிட்டார்.

பக்கத்தில் நின்ற ஆயா குறுக்கே கையை நீட்டினாள்.

"அவருக்கு வேணாம் சார். சுகர் இருக்கு."

வெள்ளை வேட்டியில் வந்திருந்தவர் சிரித்தார். இல்லத்துக்கு வருகிற எல்லாரும் இப்படித்தான் சிரிக்கிறார்கள். இந்த மாதிரி ஆட்களுக்குச் சளி வரும், காய்ச்சல் வரும். பெரிய மனிதர்களுக்கு வருகிற சர்க்கரை நோயெல்லாம் வருமா என்ன?

வரும். சிங்காரத்துக்கு வந்து பல வருஷம் ஆயிற்று.

வயது நாற்பத்தாறு. புத்தி வளரவில்லை என்று வீட்டார் கொண்டுவந்து இந்த இல்லத்தில் விட்டார்கள். அத்தோடு சரி, எட்டிப் பார்க்கவில்லை. குளிப்பாட்டுவது, மாத்திரை கொடுப்பது, கட்டு மாற்றுவது எல்லாம் அவள்தான். ஆயா வேலை.

இங்கே வந்து அவர் நன்றாகக் கற்றுக்கொண்டது ஒன்று. யாராவது கையை உயர்த்தினால் வாயைத் திறக்க வேண்டும்.

பிறந்தநாளுக்குக் கேக். கல்யாண நாளுக்கு ஜாங்கிரி. நினைவு நாள் என்றால், செத்தவர் எதை ஆசையாகச் சாப்பிட்டாரோ அது. வருகிறவர்கள் தங்கள் கையாலேயே ஊட்ட வேண்டும். தட்டில் வைத்துவிட்டுப் போனால் புண்ணியம் ஒட்டாதோ என்னவோ.

முதல் நாற்காலி எப்போதும் சிங்காரத்துக்கு. சிரித்த முகம், படத்துக்கு நன்றாக வரும் என்று நிர்வாகி செய்த ஏற்பாடு.

அந்த நாற்காலியைப் பார்த்தாலே அவளுக்கு ஆத்திரம் வரும்.

இன்று காலைதான் ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு அவரை ஆட்டோவில் கூட்டிப் போயிருந்தாள். வலது கால் பெருவிரல் கறுத்திருந்தது. டாக்டர் கட்டைப் பிரிக்கவில்லை. நாற்றமே அவருக்குப் போதுமாக இருந்தது. சிங்காரத்திடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. அவளைப் பார்த்துத்தான் கத்தினார்.

"அவருக்குத்தான் ஒண்ணும் தெரியாது. உனக்கு எங்கம்மா போச்சு புத்தி? ஒரு கையில மாத்திரை, ஒரு கையில ஸ்வீட்டா? நாளைக்கே பெரியாஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போ. சுகர் இறங்கியிருந்தா விரலோட போகும். இப்படியே ஏறிக் கிடந்தா காலையே எடுக்கணும்பாங்க."

வருகிறவர்கள் ஊட்டிவிடுகிறார்கள் என்று சொல்லப் பார்த்தாள். அதற்குள் அவர் அடுத்த ஆளைக் கூப்பிட்டுவிட்டார்.

திரும்பி வரும்போது ஆட்டோவில் சிங்காரம் கேட்டார்.

"காலு போயிருமா?"

ஒண்ணும் தெரியாதவர் கேட்ட கேள்வி அது.

"போகாதுண்ணே" என்றாள். "நான் விடமாட்டேன்."

இப்போது மைசூர்பாகு அவர் மூக்குக்கு நேரே நின்றது.

"ஒரு துண்டுல என்னம்மா ஆயிடப் போகுது?" என்றார் வேட்டிக்காரர். சிங்காரத்தின் கன்னத்தைத் தட்டினார். "இல்லடா குட்டி?"

வேட்டிக்காரருக்கு முப்பத்தைந்து இருந்தால் அதிகம்.

நாற்பத்தாறு வயதுக் குட்டி தலையை ஆட்டினார்.

"எங்கப்பா நினைவு நாளும்மா. மைசூர்பாகுன்னா அவருக்கு உயிரு. கடைசிக் காலத்துல நாங்க அதைக் கண்ணுலயே காட்டலை. சுகரு. காலை எடுத்தும் பிழைக்கலை." தோளில் கண்ணைத் துடைத்துக்கொண்டார். "அவர் சாப்பிட முடியாததை இவங்களாவது வயிறாரச் சாப்பிடட்டும்."

அவள் அவரையே பார்த்தாள். நடிப்பில்லை. கண் நிஜமாகவே கலங்கியிருந்தது. அதுதான் இன்னும் அருவருப்பாக இருந்தது.

கீழே உட்கார்ந்தாள். சிங்காரத்தின் காலைத் தூக்கித் தன் மடியில் வைத்துக் கட்டைப் பிரித்தாள்.

நாற்றம் கூடம் முழுக்கப் பரவியது.

வேட்டிக்காரர் பின்னால் நகர்ந்தார். முகம் வெளுத்துவிட்டது. அந்த நாற்றம் அவருக்குப் புதிதில்லை. எத்தனை நாள் அதோடு ஒரே வீட்டில் படுத்து எழுந்திருப்பார். மைசூர்பாகு பிடித்த கை தானாகக் கீழே இறங்கியது.

அவளுக்குப் போன உயிர் வந்தது. அவருக்குப் புரிந்துவிட்டது, இனி விட்டுவிடுவார்.

செல்போனில் வீடியோ எடுத்துக்கொண்டிருந்த அவர் மனைவி சேலைத் தலைப்பால் மூக்கைப் பொத்திக்கொண்டு கிட்டே வந்தாள்.

"கால் தெரியாதுங்க. மொகத்தை மட்டும் எடுக்குறேன். நீங்க ஊட்டுங்க."

வேட்டிக்காரர் தயங்கினார். பிறகு மூச்சை அடக்கிக்கொண்டு முன்னால் வந்தார்.

கதவருகே நின்ற நிர்வாகி, தள்ளிப் போ என்று அவளுக்குக் கண் காட்டினார்.

கை மறுபடி உயர்ந்தது.

சிங்காரம் வாயை முன்னைவிட அகலமாகத் திறந்தார். நெய் மணம் ஏறியிருக்கும், பாவம். எச்சில் மோவாயில் வழிந்தது.

அவள் எழுந்து அந்த வாயை உள்ளங்கையால் இறுகப் பொத்தினாள்.

அவர் திமிறினார். தலையை இப்படியும் அப்படியும் ஆட்டினார். அழுதார். பிறகு கடித்தார். நன்றாகவே கடித்தார்.

அவள் கையை எடுக்கவில்லை.

"கடிச்சுக்கங்கண்ணே" என்றாள்.

செல்போன் நிற்கவில்லை. அழுகிற அவர் முகத்தையும் அதைப் பொத்தியிருந்த அவள் கையையும் மட்டும் எடுத்துக்கொண்டிருந்தது.