விளக்கேற்றும் நேரம்

எருசலேமில் வெள்ளிக்கிழமை வெயில் சாய்கிறது. ஹின்டாவின் மார்பிலிருந்து எடுத்த கட்டியின் சோதனை முடிவு இன்னும் வரவில்லை. இன்றைக்கே கூப்பிடுவதாக மருத்துவமனையில் சொல்லியிருந்தார்கள். அவள் கணவர் ஃபைவல் காலையிலிருந்து ஜன்னலுக்கும் மேசைக்கும் நடந்துகொண்டே இருக்கிறார். மேசையில் துணி போர்த்திய இரண்டு ரொட்டிகள், பக்கத்தில் அவருடைய செல்போன்.

“செத்த உட்காருங்களேன். வேத வகுப்புல ஊருக்கெல்லாம் ‘ஆண்டவன்மேல பாரத்தைப் போடு’ன்னு சொல்றீங்க!”

“ஊருக்குச் சொல்றது சுலபம்டி.”

“எனக்கே பதற்றமில்ல, உங்களுக்கென்ன? எல்லாம் அவன் பாத்துப்பான்.”

யூதர்களின் ஓய்வுநாளுக்கான சங்கு ஊதுகிறது. ஹின்டா திரிகளை ஏற்றுகிறாள். ஏற்றியதும் அவளுக்கு ஓய்வுநாள் பிறந்துவிடும். இனி போனைத் தொடமாட்டாள். அவருக்கு மட்டும் சூரியன் விழும்வரை அவகாசம் உண்டு. இரு கைகளாலும் கண்களைப் பொத்திக்கொண்டு அவள் ஜெபத்தை முணுமுணுக்கிறாள். போன் அடிக்கிறது. ரொட்டித் துணி அதிர்கிறது. ஃபைவல் நீட்டிய கையைப் பாதியில் நிறுத்தி அவளைப் பார்க்கிறார். ஜெபம் முடியும்வரை அவள் பேசக் கூடாது. உதடுகள் நிற்கவில்லை. விரல்கள் மட்டும் மெல்ல விலகுகின்றன. அந்த இடுக்கில் தெரியும் ஒற்றைக் கண், சுடரை விட்டுவிட்டுப் போனைப் பார்க்கிறது.