இன்ஸ்பெக்டர் கட்டித் தரும் பல்

மணல் லாரியை மறித்ததற்காக ஸ்டேஷனுக்கு இழுத்துப்போய் அடித்ததில் சேர்மத்துரைக்கு முன்பற்கள் மூன்று போயின. அவர் போட்ட வழக்கு விசாரணைக்கு வருவதற்கு முன்பு, அடித்த இன்ஸ்பெக்டரே அவரைப் பல் டாக்டரிடம் கூட்டி வந்தார். அன்று 'ஏலே' என்ற வாய் இன்று 'அண்ணாச்சி' என்றது.

தாடை எலும்பில் திருகு பதித்து அதன்மேல் புதுப் பல் பொருத்தலாம் என்றார் டாக்டர். "சொந்தப் பல்லு மாதிரியே இருக்கும். யாராலயும் கண்டுபிடிக்க முடியாது."

"அதான் வேணும்," என்றார் இன்ஸ்பெக்டர். "செலவ நான் பாத்துக்கிடுதேன். வாயத் தொறங்க அண்ணாச்சி."

சேர்மத்துரை நாற்காலியிலிருந்து இறங்கி நின்றார்.

"ஜட்ஜய்யா முன்னால தொறக்கேன்வே!" என்று கத்தினார். வெளியே காத்திருந்தவர்கள் எட்டிப் பார்த்தார்கள். இன்ஸ்பெக்டர் எழுந்து போய்க் கதவைச் சாத்தினார்.