ஒன்பதாவது கடிகாரம்

நாலு மணிக்குப் பெரியக்காவைப் போன் வேலையிலிருந்து எடுத்துவிடப் போகிறார்கள். இப்போது மணி மூன்று.

அவள் திரையின் ஓரத்தில் ஒரு காகித ஆமை ஒட்டியிருந்தது. ஆம்புலன்ஸ் அழைப்பு அறையில் ஏழு மாதமாக இப்படி ஒரு வழக்கம். மாதக் கடைசியில் யார் வண்டி அனுப்ப அதிக நேரம் எடுத்தார்களோ, அவர்கள் திரையில் ஆமை ஏறும். வேடிக்கைக்கு என்றுதான் ஆரம்பித்தார்கள். ஏழு மாதமும் அது வேறு மேசைக்குப் போகவே இல்லை.

ஆமை புகுந்த வீடு உருப்படாது என்பார்கள். புகுந்த மேசை மட்டும் உருப்படுமா? மேலாளர் அவளைக் காகிதக் கிடங்குக்கு மாற்றி உத்தரவு தயார் செய்துவிட்டார்.

பதினொரு வருடமாக அந்தப் போனில் இருப்பவள். அழுகிறவர்களிடம் முகவரி வாங்குவதில் அவளை மிஞ்ச ஆளில்லை. இருந்தும் ஒரு வண்டி அனுப்ப அவளுக்கு இருபத்தேழு நொடி. போன மாதம் சேர்ந்த பெண்ணுக்கு நாலே நொடி.

அனுப்பும் பட்டனை அழுத்தியதும் திரையில் காத்திருக்கச் சொல்லிச் சுற்றும் இந்த வட்டம் முன்னெல்லாம் இப்படிச் சுற்றாது என்று சொல்லிப் பார்த்தாள். புதுப் பெண்ணுக்குச் சுற்றவில்லையே என்றார்கள்.

கண்ணாடியை மாற்றினாள். வீட்டில் உட்கார்ந்து தட்டச்சுப் பழகினாள். கடைசியில் தன் விரல் மேலேயே அவளுக்குச் சந்தேகம் வந்துவிட்டது. அதுதான் கொடுமை.

அந்த அறையின் கம்ப்யூட்டர்களைப் பார்த்துக்கொள்ளும் சாஃப்ட்வேர்க்காரன், கடைசியாக ஒருமுறை சோதித்துவிடலாம் என்று அவள் பக்கத்தில் ஒரு நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்தான்.

"அக்கா, நீங்க பட்டனை அழுத்தினதோட உங்க வேலை முடிஞ்சுது. அதுக்கப்புறம் வட்டம் சுத்துற நேரத்தையும் உங்க தலையிலதான் கட்டுறாங்க."

மாமியார் உடைத்தால் மண்குடம், மருமகள் உடைத்தால் பொன்குடம். இயந்திரம் தூங்கினால் கேட்க நாதியில்லை, பெரியக்கா மூச்சு விட்டால் மட்டும் கணக்கு.

அனுப்பும் பட்டனுக்குப் பின்னால் ஒன்பது வேலைகள் நடக்கின்றன. முகவரியைத் தேட ஒன்று, வரைபடத்தில் குறிக்க ஒன்று, பக்கத்து வண்டியைக் கண்டுபிடிக்க ஒன்று. ஒவ்வொன்றின் தொடக்கத்திலும் முடிவிலும் மணி பார்த்துக் குறித்துக்கொள்ளும் ஒரு வரியைச் சேர்த்துக்கொண்டே வந்தான். ஒவ்வொரு வேலைக்கும் ஒரு கடிகாரம் கட்டிய மாதிரி.

எட்டு வேலைக்குக் கட்டினான். ஒன்பதாவதை விட்டுவிட்டான்.

அது கண் இமைக்கிற நேரத்தில் முடிந்துவிடும் என்று அவனுக்குத் தெரியும். எப்படித் தெரியும் என்று யாரும் கேட்கவில்லை.

அழைப்பு வந்தது. மாடிப்படியில் விழுந்த ஒரு பெரியவர். பெரியக்கா முகவரியை வாங்கிப் பட்டனை அழுத்தினாள். வட்டம் தன்பாட்டுக்குச் சுற்றியது.

எட்டுக் கடிகாரமும் சேர்ந்து காட்டியது நாலு நொடி. வண்டிக்கு உத்தரவு போய்ச் சேர ஆனது இருபத்தேழு.

இருபத்து மூன்று நொடியைக் காணோம்.

மேலாளர் மாற்றல் தாளோடு பின்னால் வந்து நின்றார். மணி மூன்று ஐம்பது. சாஃப்ட்வேர்க்காரன் வேறு வழியில்லாமல் ஒன்பதாவதற்கும் கடிகாரம் கட்டினான்.

அடுத்த அழைப்பு வந்தது. காணாமல்போன இருபத்து மூன்று நொடியும் அங்கேதான் கால் நீட்டிப் படுத்துக் கிடந்தது.

ஒன்பதாவது வேலை என்ன தெரியுமா? ஆமை யாருக்கு என்று பார்க்க, ஆளின் சராசரி வேகத்தைக் கணக்குப் போடுவது. வண்டியை அனுப்புவதற்கு முன்னால், அந்த ஆள் வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து எடுத்த அத்தனை அழைப்பையும் அது முதலிலிருந்து படிக்கிறது. ஒவ்வொரு தடவையும் படிக்கிறது.

புதுப் பெண்ணுக்கு அறுநூறு அழைப்பு. பெரியக்காவுக்கு இரண்டு லட்சத்துப் பதினாலாயிரம்.

அவள் எவ்வளவுக்கு எவ்வளவு உழைத்தாளோ, அவ்வளவுக்கு அவ்வளவு மந்தம் என்று பெயர் வாங்கியிருக்கிறாள். அவள் எவ்வளவு மந்தம் என்று அளந்து பார்த்ததுதான் அவளை மந்தமாக்கியது.

மேலாளரிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொண்டு, ஒன்பதாவது வேலையை அவன் நிறுத்தி வைத்தான்.

போன் மணி அடித்தது. பிரசவ வலி. கூடவே ஒரு ஆண் குரல், பதறிப் பதறி. பெரியக்கா அவனை ஒரு அதட்டு அதட்டி முகவரியை வாங்கினாள். பட்டனை அழுத்தினாள்.

வட்டம் சுற்றத் தொடங்கியது, நின்றது. நாலு நொடி. வண்டி கிளம்பிவிட்டது.

அறை முழுவதும் எழுந்து நின்று கைதட்டியது. புதுப் பெண் விசிலே அடித்தாள். மேலாளர் மாற்றல் தாளை நாலாக மடித்துச் சட்டைப் பைக்குள் திணித்துக்கொண்டார்.

பெரியக்கா தன் பத்து விரலையும் முகத்துக்கு நேரே விரித்துப் பார்த்துக்கொண்டாள். சந்தோஷத்தில் அவளுக்கு அழுகையும் சிரிப்பும் ஒன்றாக வந்தன.

"என் கை நல்லாத்தான் இருக்கு. பார்த்தீங்களா எல்லாரும்!"

மேலாளருக்கு இப்போது யார் மேலாவது எரிந்து விழ வேண்டியிருந்தது. "இதை எழுதின புண்ணியவான் யாருய்யா?"

சாஃப்ட்வேர்க்காரன் ஒன்பதாவது வேலையின் முதல் வரிக்குப் போனான். தேதி, ஏழு மாதத்துக்கு முந்தையது. அதன் பக்கத்தில் எழுதியவர் பெயர்.

பெரியக்கா கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு அதைப் படித்தாள். பிறகு அவன் கழுத்தில் தொங்கிய அடையாள அட்டையைப் படித்தாள்.

அவன் எழுந்து, அவள் திரையிலிருந்து ஆமையைக் கிழியாமல் உரித்தெடுத்தான். தன் லேப்டாப்பின் மேல் வைத்து, நாலு மூலையையும் அழுத்தி ஒட்டினான்.